குறை சொல்லும் மாணவர் நூலகத்தின் எதிரி அல்ல



ஒரு பல்கலைக்கழக நூலகம் நல்ல நூலகமா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? இன்றைய அரங்கில் எழும் கேள்வி இதுதான்.

நெடுங்காலமாக இதற்கு எண்ணிக்கையே பதிலாக இருந்து வந்தது. எத்தனை லட்சம் நூல்கள், எத்தனை ஆய்விதழ்கள், எத்தனை இருக்கைகள், ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டினால் போதும்; நூலகத்தின் தரம் விளங்கிவிடும் என்று கருதப்பட்டது. ஆனால், பத்து லட்சம் நூல்கள் உள்ள நூலகத்தில் தனக்கு வேண்டிய ஒரு நூல் கிடைக்காமல் திரும்பும் மாணவருக்கு அந்தப் பத்து லட்சத்தால் என்ன பயன்? இலையில் பதினாறு வகை கறி இருந்தாலும் சோறு இல்லாவிட்டால் பசி தீருமா?

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டப்படிப்பு மூன்று, நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். முதலாம் ஆண்டில் ஒரு மாணவர் சொன்ன குறையைக் குழு அமைத்து, ஆராய்ந்து, ஒதுக்கீடு கேட்டுத் தீர்த்து வைப்பதற்குள் அவர் பட்டம் பெற்று வெளியேறிவிடுகிறார். பலன் அடுத்து வருபவருக்குத்தான். "சொல்லி என்ன ஆகப் போகிறது?" என்று மாணவர்கள் வாய் மூடிக்கொள்வதற்கு இதுவே முதல் காரணம். வாய் மூடிய மாணவர்களைப் பார்த்து, குறையே இல்லை என்று நூலகம் நினைத்துக்கொள்வது அடுத்த ஆபத்து.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவோர் யார்? வீட்டில் தனி அறையும், வேகமான இணையமும், நூல் வாங்கப் பணமும் உள்ளவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். மூன்றறை அடுக்குமாடி வீட்டில் தம்பி தங்கைகளோடு ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொள்ளும் மாணவருக்கும், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்த தோட்டப்புறத்து மாணவிக்கும் நூலகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. நூலகச் சேவை சரிவும்போது முதலில் சரிவது இவர்களுடைய தேர்வு முடிவுகள்தான்.

சென்னையில் பிறந்த சிந்தனை

வாசகரை மையமாக வைத்து நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். பதவி ஏற்ற சில நாள்களிலேயே அவருக்குச் சலிப்புத் தட்டியது. நூலகத்துக்கு வருவோர் மிகச் சிலரே. வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு அந்தத் தனிமை பொறுக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகத் துறையைப் படித்து வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

அங்கே அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925ல் திரும்பி வந்தவர், வாசகர்கள் தாங்களே அடுக்குகளுக்குச் சென்று நூல்களைப் புரட்டிப் பார்த்து எடுக்கும் முறையைச் சென்னையில் நடைமுறைப்படுத்தினார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த நூலகத்தை நடத்தினார். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கின்றன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. இந்த ஐந்தில் எதுவும் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனக்குறையை அளக்க முடியுமா?

வாசகர் மனநிறைவு என்பது சொல்லுக்கு அழகாக இருக்கலாம். அதை எப்படி அளப்பது? இதற்கு விடை வணிகத் துறையிலிருந்து வந்தது. சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்கா சென்ற ஏ. பரசுராமன், தம் சக பேராசிரியர்களான வேலரி சைதாமல், லெனர்ட் பெர்ரி ஆகியோருடன் சேர்ந்து 1980களில் ஓர் அளவுகோலை உருவாக்கினார். சேவையின் தரம் என்பது தனியாக நிற்பதன்று. வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவருக்குக் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே அது என்பதுதான் அவர்களுடைய கருத்து. வங்கிகளுக்கும் பழுதுபார்க்கும் நிறுவனங்களுக்கும் பயன்பட்ட அந்த அளவுகோலை டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக நூலகத்தார் தங்களுக்கு ஏற்ப மாற்றினார்கள். அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கத்தோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அதற்கு 'லிப்குவால்' என்று பெயரிட்டுப் பல பல்கலைக்கழகங்களில் நடத்தினார்கள். பின்னர் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பரவியது.

அதில் 22 அடிப்படைக் கேள்விகள். அவை மூன்று பிரிவுக்குள் அடங்கும்: ஊழியர் நடந்துகொள்ளும் விதம், வேண்டிய தகவலைத் தாமே தேடி எடுக்கும் வசதி, நூலகம் என்னும் இடம். ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண் தர வேண்டும். குறைந்தது எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வேன், எவ்வளவு இருந்தால் மகிழ்வேன், இப்போது எவ்வளவு இருக்கிறது என்பவையே அந்த மூன்று.

மூன்று எதற்கு, ஒன்று போதாதா என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போர்க்கு விளங்கும். நூலகத்தின் அமைதியான படிப்பிடத்துக்கு ஒரு மாணவி 5 மதிப்பெண் தருகிறார். மின்னிதழ் வசதிக்கும் அதே 5. வழக்கமான கருத்துப் படிவமாக இருந்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் படிப்பிடத்துக்கு அவர் பொறுத்துக்கொள்ளும் எல்லை 6, மின்னிதழுக்கு 4. ஆகவே மின்னிதழ் வசதி சற்று சுமார். படிப்பிடமோ அவசரமாகக் கவனிக்க வேண்டிய புண். கையில் இருக்கும் பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது என்பதை இந்த இடைவெளி காட்டிக் கொடுக்கிறது.

எல்லா வாசகருக்கும் ஒரே தேவை இல்லை என்பதையும் இத்தகைய ஆய்வுகள் காட்டின. பேராசிரியர்களுக்கு ஆய்விதழ்கள் முக்கியம். பலர் நூலகத்துக்கு நேரில் வருவதே அரிது. இளநிலை மாணவர்களுக்கு உட்காரும் இடமும் திறந்திருக்கும் நேரமும் முக்கியம். இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால், இருவருக்குமே பொருந்தாத ஒரு நூலகம்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. படிவத்தின் கடைசியில் இருந்த வெற்றுக் கட்டத்தில் சுமார் 40 விழுக்காட்டினர் தங்கள் கருத்தைத் தாங்களே எழுதினார்கள். கேட்டால் மாணவர்கள் சொல்வார்கள் என்பதற்கு இது சான்று.

"புத்தகம் இல்லை" என்பதன் பொருள் என்ன?

மாணவர் சொல்லும் குறை ஒன்று. அதன் வேர் வேறொன்றாக இருக்கலாம். "புத்தகம் இல்லை" என்ற ஒற்றைப் புகாரை எடுத்துக்கொள்ளலாம். அந்த நூலை நூலகம் வாங்காமலே இருக்கலாம். வாங்கியும் வேறொருவர் இரவல் பெற்றிருக்கலாம். அடுக்கில் இடம் மாறி இருக்கலாம். திரும்பி வந்தும் அடுக்கப்படாமல் தள்ளுவண்டியிலேயே கிடக்கலாம். அல்லது நூல் சரியான இடத்தில் இருந்தும் மாணவருக்குத் தேடத் தெரியாமல் இருக்கலாம். ஐந்துக்கும் ஐந்து வேறு மருந்து. முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்குக் கூடுதல் பிரதியோ குறுகிய இரவல் காலமோ வேண்டும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஆள் வேண்டும். ஐந்தாவதற்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை வேண்டும்.

தமிழ் நூல்களைத் தேடும் மாணவர்கள் இந்த ஐந்தாவதில்தான் அடிக்கடி இடறி விழுகிறார்கள். பல பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ் நூல்களின் பெயர்களை ரோமன் எழுத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றிப் பதிவு செய்துள்ளன. அந்த முறையில் 'ச' என்னும் எழுத்து 'சி' என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும்; 'எஸ்' என்ற எழுத்தால் அல்ல. 'ழ' என்பது அடிக்கோடிட்ட 'எல்'. வழக்கமாக எழுதும் 'இசட்எச்' அல்ல. ஆகவே சிலப்பதிகாரத்தை 'எஸ்' போட்டுத் தேடும் மாணவிக்குப் பல பதிவுகள் கண்ணில் படாமலே போகலாம். நூலகத்தில் தமிழ் நூலே இல்லை என்று அவர் முடிவு கட்டுகிறார். தமிழ் நூல்களை யாரும் கேட்பதில்லை என்று நூலகம் முடிவு கட்டுகிறது. இரவல் குறைவு என்று அடுத்த ஆண்டு வாங்குவதும் குறைகிறது. நூலும் இருக்கிறது, வாசகரும் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் சுவராக நிற்கிறது. பதிவுகளில் தமிழ் எழுத்திலும் தலைப்பைச் சேர்த்தால் இந்தச் சுவர் இடியும். அதற்கு யாராவது ஒருவர் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இருக்கைப் பற்றாக்குறையும் இப்படித்தான். தேர்வுக் காலத்தில் "உட்கார இடமில்லை" என்று புகார் குவியும். உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பது போல, நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் வெளியே போய்விடுவோர் உண்டு. அங்கே தேவைப்படுவது புதிய நாற்காலியா, அல்லது ஆளில்லாத பொருள்களை அரைமணி நேரத்துக்குப் பின் அகற்றும் ஒழுங்கா? எண்ணிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

பேசாதவரின் குரல்

கருத்துப் படிவத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. நூலகத்துக்கு வருபவர் மட்டுமே அதை நிரப்புவார். வராதவர் ஏன் வரவில்லை என்பதை எந்தப் படிவமும் சொல்லாது. பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்கும் பகுதிநேர மாணவர், சக்கர நாற்காலியில் வருபவர், கேள்வி கேட்டால் தன் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்று கூச்சப்படும் முதலாண்டு மாணவர் ஆகியோர் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் இதற்கு வேறு வழி கண்டது. 2004ஆம் ஆண்டு முதல், நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானிடவியல் அறிஞரைக் கொண்டு மாணவர்களின் வாழ்க்கையையே ஆராய்ந்தது. மாணவர்கள் கையில் கேமராவைக் கொடுத்துத் தாங்கள் படிக்கும் இடத்தையும் பையில் சுமக்கும் பொருள்களையும் படமெடுக்கச் சொன்னார்கள். அவர்கள் எழுத உட்காரும் நேரமே நூலகர்கள் வீட்டுக்குப் போன பிந்திய இரவு நேரம் என்பது தெரிந்தது. உதவி மேசை இரவு நேரத்திலும் இயங்குமாறு சோதித்துப் பார்த்தார்கள். கட்டுரை எழுதுவதில் திணறும்போது மாணவர்கள் நூலகரைக் கேட்கவில்லை, பெற்றோரைத்தான் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. உடனே புதிய மாணவர் வரவேற்பு நாளில் பெற்றோருக்குக் காலை விருந்து கொடுத்து, "பிள்ளை உதவி கேட்டால் எங்களிடம் அனுப்புங்கள்" என்று சொன்னார்கள். பெற்றோருக்குப் பல்கலைக்கழக அனுபவம் இல்லாத குடும்பங்களில் இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும்?

சிங்கப்பூரிலேயே இரண்டு பாடங்கள் உள்ளன. 1990களில் பொது நூலகங்களில் இரவல் பெறவும் திருப்பிக் கொடுக்கவும் நீண்ட வரிசைகள் நின்றன. 1995ல் அமைக்கப்பட்ட தேசிய நூலக வாரியம் அந்தக் குறையை நேருக்கு நேர் எதிர்கொண்டது. 1998ஆம் ஆண்டு புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்எஃப்ஐடி எனப்படும் மின்னணு வில்லைகளை நூல்களில் ஒட்டி, வாசகரே இரவல் பதிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் அது மற்றக் கிளைகளுக்கும் விரிந்தது. முகப்பிலேயே கட்டுண்டு கிடந்த ஊழியர்கள் வாசகருக்கு வழிகாட்ட நேரம் கிடைத்தது. வரிசையில் நின்றவரின் முணுமுணுப்பே அந்த மாற்றத்துக்கு விதை.

அடுத்தது 2025ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. யேல்-என்யுஎஸ் கல்லூரி மூடப்படவிருந்த நேரம். அதன் நூலகத்தில் மிகுதியாக இருந்த நூல்கள் மறுபயனீட்டுக்காக லாரியில் ஏற்றப்படுவதைக் கண்ட மாணவர்கள் பதறிப்போனார்கள். மிகுதியானவை என்று சொல்லப்பட்ட நூல்கள் ஏறக்குறைய 9,000. அவற்றில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. நூல்களில் இருந்த மின்னணு வில்லைகளை அகற்ற வேண்டியிருப்பதும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. வரிசையைக் குறைக்க வந்த வில்லையே நூலுக்கும் வாசகருக்கும் நடுவே வந்து நின்றது! நூல்களை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை மாணவர்களுக்கு முன்கூட்டியே தராததற்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

நூலகங்கள் நூல்களைக் கழிப்பது புதிதல்ல. இடம் எல்லையற்றதன்று, ஒரே நூலின் பல பிரதிகளை எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்க முடியாது. அங்கே நடந்த பிழை கழித்தது அன்று, கேட்காமல் கழித்தது. "வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்" என்ற ஓர் அறிவிப்பு முதலில் வந்திருந்தால் நூல்களுக்கு வீடு கிடைத்திருக்கும், மாணவர்களுக்கு மனத்தாங்கல் இருந்திருக்காது.

எல்லாவற்றையும் செய்ய முடியுமா?

முடியாது. இதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு மாணவர் குழுவாகப் பேசிப் படிக்க இடம் கேட்பார்; இன்னொருவர் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி கேட்பார். இரவு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பார்கள். அதற்குப் பாதுகாவலர், துப்புரவாளர், மின்சாரம், பின்னிரவில் வீடு திரும்பப் போக்குவரத்து எல்லாம் வேண்டும். ஆய்விதழ்களின் சந்தாவோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டிய நிலைதான் பெரும்பாலான நூலகங்களுக்கு. நூலக ஊழியர்களையும் மறந்துவிடக்கூடாது. சேவை நேரத்தை நீட்டிவிட்டு ஆளைக் கூட்டாவிட்டால், மாணவரின் குறை ஊழியரின் குறையாக இடம் மாறுகிறதே தவிர தீர்வதில்லை.

ஆனால் "முடியாது" என்பதற்கும் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பிரிட்டனில் பல பல்கலைக்கழக நூலகங்கள் வாசலிலேயே ஒரு பலகை வைக்கின்றன. ஒரு பக்கம் "நீங்கள் சொன்னது", மறுபக்கம் "நாங்கள் செய்தது". செய்ய முடியாததற்குக் காரணத்தையும் அதில் எழுதலாம். மலேசியாவில் 1993ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் துறைகளுக்கு 'பியாகம் பெலாங்கான்' என்னும் வாடிக்கையாளர் சாசனம் வழிகாட்டப்பட்டது. பொதுப் பல்கலைக்கழக நூலகங்களும் அத்தகைய சாசனத்தைச் சுவரில் மாட்டின. எத்தனை நிமிடத்தில் இரவல், எத்தனை நாளில் பதில் என்ற வாக்குறுதிகள் அதில் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டு "சொன்னபடி நடந்ததா?" என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. கேட்பவர் இல்லாவிட்டால் சாசனம் வெறும் சட்டம் போட்ட படம்.

செய்ய வேண்டியவை

நூலகங்கள் நான்கு காரியங்களைச் செய்யலாம். ஆண்டுக்கொரு பெரிய படிவத்தோடு நிற்காமல், வாரந்தோறும் வரும் சிறு குறைகளைப் பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் எண்ணிப் பார்க்கலாம். பணம் தேவைப்படாத குறைகளை அந்தப் பருவத்துக்குள்ளேயே தீர்க்கலாம். மங்கிய அறிவிப்புப் பலகையும், வேலை செய்யாத மின்செருகியும், தவறான தேடல் பதிவும் குழுக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. பெரிய மாற்றத்துக்கு முன் மாணவர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்ட கேள்விக்குப் பதிலை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்கலாம்.

மாணவர்களுக்கும் கடமை உண்டு. "நூலகம் மோசம்" என்று உணவகத்தில் பேசுவதால் எதுவும் மாறாது. எந்த நூல், எந்த நாள், எந்த மாடி, எத்தனை மணி என்று குறிப்பாக எழுதிக் கொடுத்தால் ஊழியரால் தட்டிக்கழிக்க முடியாது. நன்றாக உதவிய ஊழியரின் பெயரையும் ஒரு வரி எழுதலாம், பாராட்டும் கருத்துதான். தமிழ் மாணவர் மன்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை தேவையான தமிழ் நூல்களின் பட்டியலைத் தயாரித்து நூலகத்திடம் கொடுக்கலாம். பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நூலகரிடம் கேட்டாயா?"

தான் சொன்ன குறையின் பலனைத் தானே அனுபவிக்க முடியாது என்று தெரிந்தும் ஒரு மாணவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், அது புகாரன்று. பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு அவர் விட்டுச் செல்லும் நன்கொடை. மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதிய குறிப்பால்தான் இன்று இன்னொருவருக்கு விளக்கு எரிகிறது, நாற்காலி கிடைக்கிறது, நூல் கைக்கு வருகிறது. அந்தக் குறிப்பைக் குப்பைத் தொட்டியில் போடாத நூலகமே வளரும் நூலகம்.